பாதுகாப்பு ஷூ வந்த பெட்டி

ஷூ இல்லாமல் துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள்.
அறுநூற்றைம்பது ரூபாய், முனையில் இரும்பு வைத்தது.
ஷூ என் காலுக்கு, பெட்டி கெசியாவுக்கு என்று
வாங்குமுன்பே வீட்டில் முடிவாகியிருந்தது.

உள்ளே இரண்டு அட்டைத் தடுப்பு.
முதலாவதில் இடப்பக்கம் ஓட்டை,
அடுத்ததில் வலப்பக்கம்,
கடைசிச் சுவரில் பத்து ரூபாய்க் காசளவு வெளிச்சம்.
இந்தக் கோடியில் தயிர்க் கப்பில் ஈரமண்,
மண்ணுக்குள் ஒரே ஒரு காராமணி.
மூடிமேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கிறாள்:
ஏனோக் திறக்கக் கூடாது.

ஏனோக்குக்கு ஐந்து வயது.
அவனுக்கு வெந்தயம் கொடுத்தோம்,
கொட்டாங்குச்சியில் தூவி,
என் பழைய பனியன் துண்டைப் போர்த்தி.
வேர் விட்டதா வேர் விட்டதா என்று
நாளுக்கு ஏழு தடவை நோண்டிப் பார்த்ததில்
போன வெள்ளிக்கிழமையே செத்தது.
மறுபடி தூவியாயிற்று.
இப்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து
எதிரே உட்கார்ந்திருக்கிறானாம்.

ஊறுகாய் பாட்டிலில் நட்ட சக்கரவள்ளிக்கிழங்கு
நாலாம் நாள் நாறியது.
புஷ்பராணி கால்வாயில் கொட்டிவிட்டு
பாட்டிலை மட்டும் கழுவிக் கொடுத்தாள்.

இதெல்லாம் எனக்கு போனில் வந்த சேதி.
நான் எண்ணூர் விரைவுச் சாலையில் இருக்கிறேன்,
இரண்டாவது ராத்திரி,
முதுகில் நாற்பதடிக் கன்டெய்னர்.
முன்னால் எத்தனை வண்டி என்று எண்ணுவதை விட்டாயிற்று.
எதிரே ஒரு வண்டியின் பின்பக்கம்,
கண்ணாடியில் ஒரு வண்டியின் முன்பக்கம்,
இடப்புறம் கடல் இருப்பதை
வாசனைதான் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஜன்னல்.
கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர்.
வெயில் பதினொன்றரைக்கு வரும்,
விலாசம் தவறி வந்ததுபோல
பன்னிரண்டுக்குள் போய்விடும்.
'இது போதாதுப்பா அதுக்கு.'
என்ன செய்வது என்று நான் யோசித்துச் சொல்வதற்குள்
எதிர் ஜன்னல் ஷமீமாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள்.
அந்தம்மா தன் கல்யாணத்துக்கு வந்த
பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக்
கம்பியில் கட்டிச் சாய்வாகத் தொங்கவிட்டது.
இப்போது ஒன்றேமுக்கால் வரைக்கும்
எங்கள் வீட்டுக்குள் ஒரு வட்டம் நடுங்குகிறது.
காற்றடித்தால் அலமாரிக்கு ஓடும்,
ஏனோக் துரத்திப்போய்ப் பிடிப்பான்.

தண்ணீர், பாட்டில் மூடியால் இரண்டு மூடி.
லாரித் தண்ணீர்தானே, கணக்கு உண்டு.
ராத்திரி எட்டுக்குப் பெட்டி திறக்கும்,
ஒரு நிமிடம், கெசியா மட்டும்.

நேற்று எட்டு மணிக்கு வந்த குரல்:
'மொத ஓட்டையத் தாண்டிடுச்சுப்பா.
வெள்ளையா கீது, நூலு மாதிரி.
பச்சையே இல்ல.
அதுக்கு ஒடம்பு சரியில்லியா?'

எனக்குத் தெரியவில்லை.
கிளீனர் வரதனைக் கேட்டேன்,
பன்னிரண்டாவதில் பயாலஜி படித்தவன்.
வெளியே வந்தால் பச்சையாகும் அண்ணே,
அதுவரைக்கும்
விதைக்குள்ள கட்டிக்கொடுத்ததைத் தின்னுக்கிட்டே
நடக்கும் என்றான்,
பொட்டலத்தில் மீதியிருந்த வறுகடலையை
எனக்குப் பாதி அவனுக்குப் பாதி பிரித்தபடி.

ராத்திரி முழுக்கப் பதினொரு வண்டி நகர்ந்தோம்.
யாரோ டயரோரம் சோறு வடித்தார்கள்.
விடிந்தபோது காசிமேட்டுப் பக்கம்,
மீன்கூடை ஏற்றிய ஆட்டோக்கள்
எங்கள் இடுக்குகளில் புகுந்து புகுந்து
போய்க்கொண்டே இருந்தன.

பகல் பன்னிரண்டே கால்.
இருபத்திரண்டு நொடிக் குரல் ஒன்று.
போட்டுக் கேட்டால் பேச்சே இல்லை.
மூச்சுச் சத்தம், இரண்டு பேருடையது.
எங்கோ ஒரு குக்கர்.
கடைசியில் ஏனோக், காதுக்குள் சொல்வதுபோல:
'மூக்க வெளிய நீட்டுதுப்பா.
ஹாரன் அடிக்காத.'

முன்வண்டி நகர்ந்தது.
பின்னால் இருப்பவன் அமுக்குகிறான், அமுக்குகிறான்.
நான் மெதுவாக கியர் போட்டு
ஒரு வண்டி நீளம் போனேன்.